உடல் ஏற்கும் பொருள்கள் – 11: உலோகம் உள்ளே போகாத காலம்

முறிந்த என்பை உள்ளிருந்து பிடித்து வைக்க எந்த உலோகம் உகந்தது என்ற கேள்விக்கு, 1980களின் நடுப்பகுதிக்குள் மருத்துவ உலகம் பெருமளவு விடை கண்டிருந்தது.

அந்த விடைக்கு வந்த வழியைக் கடந்த வாரங்களில் பார்த்தோம். லண்டனில் ஆர்பத்நொட் லேன் 1890களில் பொருத்தத் தொடங்கிய உருக்குத் தகடுகள் உடலுக்குள் அரித்துப்போயின. டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்ரோனியோ நகரில் வெனபிள், ஸ்ரக் என்ற இருவர், வேறுவேறு உலோகங்களை ஓர் உடலில் சேர்த்து வைத்தால் உடல் திரவம் அவற்றுக்கிடையே மின்னோட்டத்தை உண்டாக்கி அரித்துவிடும் என்பதை 1937இல் காட்டினார்கள். பிறகு கோபால்ட் கலப்புலோகமும் 316எல் என்ற துருவேறா உருக்கும் வந்தன. 1951இல் லெவந்தால் டைட்டானியத்தைப் பரிந்துரைத்தார். 1962இல் ஜோன் சார்ன்லி உருக்குப் பந்தையும் பொலிஎதிலீன் கிண்ணத்தையும் சேர்த்து இடுப்பு மூட்டையே மாற்றி வைத்தார்.

இந்த வாரம் கதை யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு வருகிறது. தொண்ணூறு ஆண்டு உழைப்பில் கிடைத்த அந்த உலோகங்கள், போர்க் காயங்களோடு வந்தவர்களின் உடலுக்குள் பெரும்பாலும் போகவே முடியாதிருந்த இடம் இது.

* * *

ஒரே ஆண்டில் மூன்று

1987ஆம் ஆண்டில், ஒன்றையொன்று அறியாத மூன்று காரியங்கள் நடந்தன.

முதலாவது ஒரு வரையறை. இங்கிலாந்தின் செஸ்டர் நகரில் 1986 மார்ச் மாதம் கூடிய உயிரிப்பொருள் அறிஞர்கள், 'உயிர் இணக்கம்' என்றால் என்ன என்பதைப் புதிதாக வகுத்தார்கள். டேவிட் வில்லியம்ஸ் அதை 1987இல் நூலாகப் பதிப்பித்தார். அதுவரை, உடலுக்குத் தீங்கு செய்யாமல் சும்மா கிடக்கும் பொருளே நல்ல பொருள் என்று கருதப்பட்டது. செஸ்டரில் அந்தக் கருத்து மாறியது. ஒரு குறிப்பிட்ட வேலையை ஒரு குறிப்பிட்ட இடத்தில் செய்யும்போது, உடலிடமிருந்து தகுந்த எதிர்வினையைப் பெறவேண்டும்; அதுவே இணக்கம். அன்றிலிருந்து, எந்த வேலைக்கு, எந்த இடத்தில் என்று கேட்காமல் ஒரு பொருளை உடலுக்கு ஒத்தது என்று சொல்லிவிட முடியாது.

இரண்டாவது ஓர் ஆய்வுக் கட்டுரை. அமெரிக்க என்புச் சத்திரசிகிச்சை நிபுணர் அந்தனி கிறிஸ்ரினா, அந்த ஆண்டு செப்டெம்பரில் 'சயன்ஸ்' இதழில் எழுதினார். உடலுக்குள் வைக்கப்படும் ஒவ்வொரு பொருளின் மேற்பரப்பிலும் ஓர் ஓட்டப்பந்தயம் நடக்கிறது என்றார். அந்த இடத்தை உடலின் உயிரணுக்கள் முதலில் பிடிக்குமா, கிருமிகள் முதலில் பிடிக்குமா என்பதே அந்தப் பந்தயம்.

மூன்றாவது யாழ்ப்பாணத்தில். மே மாதம் வடமராட்சியில் இராணுவ நடவடிக்கை; ஜூலையில் இலங்கை–இந்திய ஒப்பந்தம்; ஒக்டோபரில் இந்தியப் படையுடன் போர். கால் இழந்தவர்கள் பெருகிய அந்த ஆண்டில்தான் குடாநாட்டில் ஜெய்ப்பூர் கால் என்ற செயற்கைக் காலைச் செய்யும் பணி தொடங்கியது. இன்று 'யாழ்ப்பாண ஜெய்ப்பூர் மாற்றுத்திறனாளிகள் புனர்வாழ்வு நிலையம்' என்று அறியப்படும் நிறுவனத்தின் தொடக்கம் அது.

செஸ்டரின் வரையறையும் கிறிஸ்ரினாவின் பந்தயமும் மெய்யா என்பதற்கு யாழ்ப்பாணத்தைவிடக் கடுமையான சோதனைக்களம் அப்போது உலகில் அதிகம் இருக்கவில்லை.

* * *

மண் எங்கே போகிறது?

துப்பாக்கிச் சன்னம் ஏற்படுத்தும் காயம் வேறு, மிதிவெடி ஏற்படுத்தும் காயம் வேறு.

சிறிய மிதிவெடிகளுக்குள் இருப்பது 30 முதல் 50 கிராம் வெடிமருந்துதான். ஒரு காலைச் சிதைக்க அது போதும். குதிக்கால் அழுத்தியதும் வெடி மேல்நோக்கிப் பாய்கிறது, பாதம் சிதறுகிறது. கண்ணுக்குத் தெரியும் சேதம் அவ்வளவுதான்.

பெரிய சேதம் அதற்கு மேலே, தோலுக்குள் மறைந்திருக்கிறது. வெடியின் அழுத்தம் கெண்டைக்கால் தசைகளை, விரித்த குடையைப்போல் ஒரு கணம் புறம் விரியச் செய்கிறது. அந்த இடைவெளியில் மண், புல், செருப்புத் துண்டு, உடுப்பின் நூல், பாத என்பின் சில்லுகள் எல்லாம் மேலேறுகின்றன. அடுத்த கணம் தசைகள் பழையபடி மூடிக்கொள்கின்றன. வெளியே தோல் முழங்கால்வரை நன்றாக இருக்கும். உள்ளே தசைப்படைகளுக்கு நடுவே தோட்டத்து மண் கிடக்கும்.

வலிகாமத்தின் செம்மண் காலங்காலமாக மாட்டெருவும் ஆட்டெருவும் இட்டுப் பண்படுத்திய மண். வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் புகையிலைக்கும் அது பொன். அந்த எருவோடு சேர்ந்து ஏற்புவலிக் கிருமியின் வித்துகளும் தசையை அழுகவைக்கும் வாயுக் கிருமிகளின் வித்துகளும் அங்கே வாழ்கின்றன. காற்றில்லாத, இரத்தம் ஓடாத, செத்த தசை அவற்றுக்கு ஏற்ற இடம். மிதிவெடி அந்த இடத்தை ஆயத்தம் செய்து, வித்தையும் தானே கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறது.

இப்படிப்பட்ட காயத்துக்குள் ஒரு 316எல் தகட்டை வைத்தால் என்ன நடக்கும்?

* * *

பத்தாயிரத்தில் ஒரு பங்கு

அந்தக் கேள்விக்கான முதல் எண் 1957இல் லண்டனில் கிடைத்தது. எலெக், கொனென் என்ற இருவர், தாமாக முன்வந்தவர்களின் தோலுக்குள் ஸ்டஃபிலோகொக்கஸ் கிருமியைச் செலுத்திப் பார்த்தார்கள். சாதாரணமாகச் சீழ் கட்டுவதற்குப் பல இலட்சக்கணக்கான கிருமிகள் வேண்டியிருந்தன. அதே இடத்தில் ஒரு பட்டுத் தையல் நூல் இருந்தபோது, ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு பங்கு போதுமானதாக இருந்தது.

பட்டு நூல் உடலுக்கு நஞ்சில்லை. வைத்தியர்கள் காலாகாலமாக அதனால் தைத்து வந்தார்கள். அப்படியிருந்தும், உயிரற்ற ஒரு பொருள் அங்கே கிடப்பது மட்டுமே கிருமியின் கையை அவ்வளவு ஓங்கச் செய்தது.

ஏன் அப்படி என்பதைக் கிறிஸ்ரினாவின் பந்தயம் விளக்கியது. 316எல் உருக்கின் மேல் குரோமியம் ஒட்சைட்டால் ஆன, சில நனோமீற்றர் தடிப்புள்ள படலம் ஒன்று உண்டு. துருவைத் தடுப்பது அதுதான். உடலுக்குள் சென்ற சில நொடிகளில் அந்தப் படலத்தின்மீது இரத்தப் புரதங்கள் படிகின்றன. அந்தப் புரதங்களைப் பற்றிக்கொள்ள உடலின் உயிரணுவுக்கும் தெரியும், கிருமிக்கும் தெரியும். சுத்தமான சத்திரசிகிச்சைக் கூடத்தில், உயிருள்ள என்பின்மீது தகடு அமரும்போது உயிரணுக்கள் முந்திக்கொள்கின்றன. செத்த தசையும் மண்ணும் உள்ள காயத்தில் கிருமிகள் ஏற்கெனவே அங்கே காத்திருக்கின்றன.

கிருமிகள் முந்திவிட்டால், தம்மைச் சுற்றி ஒரு பசைப் படலத்தைக் கட்டிக்கொள்கின்றன. அதற்குள் இருக்கும் கிருமியைக் கொல்ல வழக்கமான அளவைவிடப் பலநூறு மடங்கு நுண்ணுயிர்க்கொல்லி தேவைப்படலாம். அவ்வளவு மருந்தை மனித உடல் தாங்காது. கடைசியில் தகட்டைக் கழற்றவேண்டும். சில வேளைகளில் காலையும் சேர்த்து.

* * *

செல் துண்டுகள் எழுப்பும் புதிர்

இந்த இடத்தில் குடாநாட்டு மக்கள் எல்லோரும் அறிந்த ஓர் உண்மை குறுக்கே நிற்கிறது.

செல் வீச்சிலும் குண்டு வீச்சிலும் காயமடைந்த எத்தனையோ பேர், உடலுக்குள் உலோகத் துண்டுகளோடு பல ஆண்டுகளாக வாழ்கிறார்கள். முதுகில், தோளில், தொடையில் எடுக்கப்படாமல் விடப்பட்ட செல் துண்டுகள். எக்ஸ்ரே எடுத்தால் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியும். யாரும் மெருகிடாத, கிருமி நீக்காத, துருப்பிடிக்கும் இரும்பு அது. அப்படியிருந்தும் பெரும்பாலானோரிடம் அது சீழ் கட்டாமல் கிடக்கிறது.

கிருமி நீக்கி, கண்ணாடிபோல் மெருகிட்ட தகட்டைத் தள்ளிவிடும் உடல், இந்தக் கரடுமுரடான இரும்பை ஏன் பொறுத்துக்கொள்கிறது?

சிறிய துண்டு, இரத்த ஓட்டம் நிறைந்த தசைக்குள் தங்கும்போது, அதைச் சுற்றிச் செத்த தசை குறைவு. வெள்ளணுக்கள் உடனே வந்து சேர்கின்றன. சில வாரங்களில் நார்த்திசுவால் ஓர் உறை கட்டி உடல் அதைத் தனிமைப்படுத்திவிடுகிறது. தகட்டின் நிலை வேறு. அது பெரியது, அதை அமர்த்துவதற்கே என்பின் மேலுறையை உரிக்கவேண்டும், ஏற்கெனவே அடிபட்ட இடத்தின் எஞ்சிய இரத்த ஓட்டமும் அதனால் குறையும். பந்தயத்தில் ஓடவேண்டிய உயிரணுக்களுக்கு வழியே இல்லாமல் போகிறது. போர்க்களச் சத்திரசிகிச்சையாளர்கள் செல் துண்டுகளைத் தேடித் தோண்டாமல் விட்டதன் காரணமும் இதுவே: துண்டு செய்யும் தீங்கைவிடத் தேடல் செய்யும் தீங்கு பெரிது.

இதற்கும் ஒரு விலக்கு உண்டு. ஈயச் சன்னம் மூட்டுக்குள் தங்கினால், மூட்டுத் திரவம் ஈயத்தை மெல்லக் கரைத்து இரத்தத்தில் சேர்க்கும்; ஆண்டுகள் கழித்து ஈய நஞ்சேற்றம் வரலாம். ஆகவே மூட்டுக்குள் கிடப்பதை எடுத்தே ஆகவேண்டும். அதே உலோகம், அதே உடல், தங்கிய இடம் மட்டும் வேறு. செஸ்டரில் கூடியவர்கள் 'எந்த இடத்தில்' என்று கேட்டதன் பொருள் இதைவிடத் தெளிவாக விளங்காது.

* * *

மூடாத காயம்

இரண வைத்தியத்தைத் தமிழில் கற்பித்த மண் யாழ்ப்பாணம். மானிப்பாயில் பணிபுரிந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், ட்ருயிற் எழுதிய சத்திரசிகிச்சை நூலை 'இரண வைத்தியம்' என்ற பெயரில் 1867இல் வெளியிட்டார். தோலைக் கிழித்துக்கொண்டு என்பு வெளிவரும் முறிவுகளைக் கார்பொலிக் அமிலத்தால் காப்பாற்றலாம் என்று ஜோசப் லிஸ்டர் அறிவித்ததும் அதே ஆண்டில்தான். லிஸ்டருக்கு முந்திய காலத்தில் அத்தகைய முறிவுக்குப் பெரும்பாலும் கால் வெட்டுதலே சிகிச்சை.

அரசாங்க அதிபர் டைக்கின் முயற்சியால் 1850இல் தொடங்கி, மக்கள் வாயில் 'பெரியாஸ்பத்திரி' ஆகிவிட்ட யாழ்ப்பாண வைத்தியசாலை, 1987 ஒக்டோபரில் நோயாளரும் ஊழியரும் அதன் வளாகத்துக்குள்ளேயே கொல்லப்பட்ட கொடுமையைக் கண்டது. 1990இல் மீண்டும் போர் மூண்டபோது அது இயங்கமுடியாமல் போனது. அவ்வாண்டின் பிற்பகுதியில் சர்வதேச செஞ்சிலுவைக் குழுவின் பாதுகாப்பின் கீழ் மறுபடி திறக்கப்பட்டது. அப்போது குடாநாட்டில் மின்சாரம் இல்லை. எரிபொருள், மின்கலம், சீமெந்து என்று நீண்ட தடைப்பட்டியல். மருந்துகள்கூட அனுமதி பெற்றே வரவேண்டியிருந்தது.

போர்க் காயத்துக்கு செஞ்சிலுவை வைத்தியர்கள் உலகெங்கும் பின்பற்றிய முறை மிக எளிமையானது, மிகக் கண்டிப்பானதும்கூட. செத்த தசை முழுவதையும் வெட்டி நீக்கு. வெட்டினால் இரத்தம் கசியாத, கிள்ளினால் சுருங்காத தசை செத்த தசை. காயத்தைக் கழுவு. தைக்காதே. துணியிட்டுத் திறந்தபடி விடு. நாலைந்து நாள் கழித்து, சுத்தமாக இருந்தால் மட்டும் மூடு. என்பு முறிந்திருந்தால் உள்ளே உலோகம் வைக்காதே.

உள்ளே வைக்காமல் என்பை எப்படி நிறுத்துவது? வழிகள் மூன்று இருந்தன. மாக்கட்டு, பாரம் கட்டி இழுத்தல், வெளிச்சட்டம்.

வெளிச்சட்டத்தைச் செம்மைப்படுத்தியவர்களில் ஒருவர் ஜெனீவாவைச் சேர்ந்த ராவுல் ஹொஃப்மன், ஆண்டு 1938. காயத்துக்கு மேலும் கீழும், நல்ல தோல் உள்ள இடங்களில், உருக்குக் கம்பிகளை என்புக்குள் திருகுவார்கள். கம்பிகளின் வெளிமுனைகளைக் காலுக்கு வெளியே ஒரு கோலுடன் பூட்டுவார்கள். முறிந்த என்பு அசையாது. காயம் திறந்தபடி, நாள்தோறும் பார்க்கவும் கழுவவும் வசதியாக இருக்கும். உலோகம் உடலில்தான் இருக்கிறது, மண்ணும் கிருமியும் உள்ள இடத்துக்கு எட்டத்தில்.

இந்தச் சட்டத்திலும் ஒரு பலவீனம் இருந்தது. கம்பி தோலைத் துளைத்து வரும் அந்தச் சிறு துளை. நாள்தோறும் துடைத்துச் சுத்தம் செய்தாலும், சில வாரங்களில் பல கம்பிகளின் அடியில் சீழ் கசியத் தொடங்கும். என்பு பொருந்தும்வரை சமாளித்துவிட்டு, கம்பியைக் கழற்றிவிட்டால் துளை தானாக ஆறிவிடும். ஆகவே யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இத்தொடரின் அடுத்த திருப்பம் அந்தத் துளையில்தான் இருக்கிறது.

* * *

தோலுக்கு வெளியே

என்பைக் காப்பாற்ற முடியாதபோது, பொருளைப் பற்றிய கேள்வி உடலுக்கு வெளியே வந்தது. வெட்டுண்ட காலின் தோல், நாளெல்லாம் உடலின் முழுப் பாரத்தையும் தாங்கியபடி, எந்தப் பொருளைப் பொறுத்துக்கொள்ளும்?

விடை ஜெய்ப்பூரிலிருந்து வந்தது. அங்கே சவாய் மான்சிங் வைத்தியசாலையில் கைவினைஞர் ராம்சந்திர சர்மாவும் டொக்டர் பி. கே. சேத்தியும் 1960களின் இறுதியில் இந்தக் காலை உருவாக்கினார்கள். சர்மா பள்ளிப்படிப்பு அதிகம் இல்லாதவர். கையால் வடிவம் காண்பவர். மேல்நாட்டுச் செயற்கைப் பாதம் சப்பாத்துக்குள் போடுவதற்காகச் செய்யப்பட்டது. அதைக்கொண்டு குந்தியிருக்க முடியாது, சம்மணம் கட்ட முடியாது, வெறுங்காலோடு நடக்க முடியாது. நிலத்தில் அமர்ந்து உண்டு, வெறுங்காலோடு கோயிலுக்குப் போகும் மக்களுக்கு அதனால் என்ன பயன்?

ஜெய்ப்பூர் பாதத்தைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் மூன்று துண்டங்கள் தெரியும். குதிக்காலிலும் முன்பாதத்திலும் நுண்துளைகள் நிறைந்த மென்மையான றப்பர். கணுக்கால் பகுதியில் மரம். இவற்றைச் சுற்றி ரயர்களில் பயன்படும் நூலிழை. அதற்கு மேல் தோல் நிறத்தில் றப்பர். எல்லாவற்றையும் ஓர் அச்சுக்குள் வைத்துச் சூடேற்றினால் ஒரே பாதமாக இறுகிவிடும். துண்டங்கள் ஒன்றோடொன்று சற்றே நெகிழ்வதால் பாதம் மேலும் கீழும் பக்கவாட்டிலும் வளையும். குந்தலாம். வயல் சேற்றில் இறங்கலாம். வரப்பின் சரிவிலும் பாதம் படிந்து நிற்கும்.

நுண்துளை றப்பருக்கு அதற்கு முன்பே ஒரு தமிழ்நாட்டு வரலாறு உண்டு. வேலூரிலும் கரிகிரியிலும் போல் பிராண்டும் அவரோடு பணிபுரிந்தவர்களும், உணர்விழந்த தொழுநோயாளரின் பாதங்களைப் புண்ணாகாமல் காக்க இதே வகை றப்பரில் செருப்புச் செய்தார்கள். அழுத்தத்தை ஓரிடத்தில் குவியவிடாமல் பரப்பும் அதன் குணத்தை முதலில் உணர்ந்து பயன்படுத்தியவர்களில் அவர்களும் அடங்குவர்.

பாதத்துக்கு மேலே உள்ள குழல் அலுமினியத் தகட்டால் ஆனது. வெட்டுண்ட காலுக்கு மாவால் அச்செடுத்து, அதற்கேற்பத் தகட்டை வளைத்து, சுத்தியலால் தட்டித் தட்டி வடிவம் கொண்டுவருவார்கள். இதற்குப் பெரிய இயந்திரம் தேவையில்லை. மின்சாரம் இல்லாத, எரிபொருள் இல்லாத குடாநாட்டில், தட்டிச் செய்யக்கூடிய உலோகம் ஒன்று இருந்தது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. சைக்கிளே எல்லோருக்கும் வாகனமாகிவிட்ட ஆண்டுகள் அவை. பெடலில் வழுக்காமல் பதியும் றப்பர்ப் பாதம், கால் இழந்த ஒருவரைத் தோட்டத்துக்கும் சந்தைக்கும் மறுபடி கொண்டுபோனது.

குழந்தைகளின் நிலை இன்னும் கடினம். வெட்டுண்ட பிறகும் என்பு வளர்கிறது. தோலைவிட விரைவாக வளர்ந்து, முனையில் கூராகித் தோலைக் குத்துகிறது. மறுபடி வெட்டவேண்டும். உயரமும் கூடுவதால், ஆறு மாதத்துக்கோ ஓர் ஆண்டுக்கோ ஒருமுறை புதிய கால் தேவை. ஏழு வயதில் மிதிவெடியில் சிக்கிய பிள்ளை, வளர்ந்து முடிவதற்குள் பத்துக்கு மேற்பட்ட கால்களை மாற்றவேண்டியிருக்கும்.

* * *

உப்பு

அலுமினியத்துக்கு ஓர் எதிரி இருந்தது. 316எல் உருக்குக்கும் அதே எதிரிதான்: குளோரைட்டு.

மனித இரத்தத்தில் உள்ள குளோரைட்டின் செறிவு கடல்நீரில் உள்ளதன் ஐந்தில் ஒரு பங்கு அளவு. தொடைக்குள் வைத்த உருக்குத் தகட்டின் காப்புப் படலத்தைக் குத்தித் துளைத்து நுண்குழிகளை உண்டாக்குவது அதுவே. அதைத் தடுக்கத்தான் 316எல் உருக்கில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு மொலிப்டினம் சேர்க்கிறார்கள். வெளியே, வியர்வையிலும் கடற்காற்றிலும் உவர்க் கிணற்று நீரிலும் உள்ள குளோரைட்டு அலுமினியக் குழலை அரித்தது. குருநகரிலும் மயிலிட்டியிலும் கடலோடு வாழ்பவர்களுக்கு இதை யாரும் விளக்கவேண்டியதில்லை.

உப்பு தொடாத பொருள் பிளாஸ்டிக்கில் கிடைத்தது. ஜெய்ப்பூரில் அலுமினியத்தின் இடத்தை, தண்ணீர்க் குழாய் செய்யும் உயர் அடர்த்திப் பொலிஎதிலீன் பிடித்தது. சார்ன்லி இடுப்புக்குள் வைத்த பொருளின் நெருங்கிய உறவு அது. கம்போடியாவில் மிதிவெடிகளோடு போராடிய செஞ்சிலுவைக் குழு, பொலிபுரொப்பிலீனைத் தேர்ந்தது. மலிவானது, இலேசானது, சூடேற்றினால் இளகும், பழைய காலை உருக்கிப் புதிய கால் செய்யலாம். பின்னாளில் யாழ்ப்பாண நிலையத்துக்கும் செஞ்சிலுவைக் குழுவின் துணை கிடைத்தது.

 

எந்தப் பிளாஸ்டிக் வந்தபோதும், வெட்டுண்ட காலின் தோல் பாரம் தாங்குவதற்காகப் படைக்கப்பட்டதன்று. பங்குனி, சித்திரை வெயிலில், அந்தக் கால் பொருந்தும் கிண்ணத்துக்குள் வியர்வை தேங்கும். தோல் ஊறும், உரசும், புண்ணாகும். றப்பரை இறுகச் செய்யச் சேர்க்கும் இரசாயனங்கள் சிலருக்குத் தோல் அழற்சியைத் தரும். புண் வந்தால் காலைக் கழற்றிவைத்து ஆறும்வரை காத்திருக்கவேண்டும். அத்தனை நாளும் வேலை இல்லை, வருமானம் இல்லை.

* * *

இந்தத் துன்பத்தை அடியோடு நீக்க ஒரு வழி இருப்பதாக 1990இல் சுவீடனிலிருந்து செய்தி வந்தது.

1952இல் பேர் இங்வர் பிரனமார்க் முயலின் கால் என்புக்குள் வைத்த டைட்டானியக் கருவி ஒன்று, என்போடு ஒட்டிக்கொண்டு கழற்ற வராமல் போனது. டைட்டானியத்தின் மேல் என்பு நேரடியாக வளர்ந்துவிட்டது. பல் வைத்தியம் அதனால் மாறியது. அவருடைய மகன் றிக்காட் பிரனமார்க், தொடைக்கு மேல் கால் இழந்த ஒருவரின் என்புக்குள் டைட்டானியத் திருகைப் பதித்து, அதன் முனையைத் தோலுக்கு வெளியே கொண்டுவந்து, செயற்கைக் காலை நேரடியாக அதில் பூட்டினார். கிண்ணம் இல்லை. உரசல் இல்லை. பாரத்தை என்பே தாங்குகிறது.

ஹொஃப்மன் கம்பியின் அடியில் இருந்த அதே சிறு துளை இங்கேயும் இருக்கிறது. ஒரு வேறுபாடு: அந்தத் துளை என்பு பொருந்தும்வரை மட்டும் திறந்திருந்தது, இது வாழ்நாள் முழுவதும் திறந்திருக்கும். என்பு டைட்டானியத்தோடு ஒட்டும் என்பது நிறுவப்பட்டுவிட்டது. தோல் ஒட்டுமா? கிணற்றடியில் குளித்து, எருவிட்ட செம்மண்ணில் நின்று வேலை செய்யும் ஒருவரின் காலில், அந்த வாசலை முதலில் பிடிக்கப்போவது உயிரணுவா, கிருமியா?

(தொடரும்)